உறைக்காத மிளகு

வலன்ஸ், பிரான்ஸ்
2025 மே 11

அன்புள்ள எடித் அக்காவுக்கு,

உறையில் என் கையெழுத்தைக் கண்டதும் அடுப்பில் போட்டுவிடாதீர்கள். போடுவதென்றாலும் வாசித்துவிட்டுப் போடுங்கள். அப்பா செத்த கிழமை என் நம்பரை நிறுத்தினீர்கள், இன்னும் திறக்கவில்லை. ரெலிபோனில் வர முடியாதவன் தபாலில் வருகிறேன்.

நான் இங்கே ஒரு வைன் கடையில் வேலை செய்வது உங்களுக்குத் தெரியும். முதலில் பெட்டி தூக்கினேன். இப்போது கடைக்கு வருகிறவர்களுக்குப் போத்தல் தெரிந்து கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டேன். போன மாதம் முதலாளி அம்மா ஒரு வேலை தந்தார். மிளகு மணக்கிற சிவப்பு வைன்களாகத் தேடி ஒரு தட்டு நிறைய அடுக்க வேண்டும். இப்போது சனம் அதைத்தான் கேட்டு வருகிறது. "மிளகு உன்னுடைய நாட்டுச் சாமான். உன்னைவிட வேறு யார் கண்டுபிடிப்பார்?" என்று சிரித்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் கோர்னாஸ் என்று ஒரு ஊர். அங்கே மலைச்சரிவில் சிரா என்கிற கறுத்த திராட்சை விளைகிறது. வெயில் குறைந்த குளிர்ப்பக்கத்துப் பழத்தில்தான் மிளகு கூட இருக்குமாம். அதில் தொடங்கினேன். பிறகு ஒஸ்திரியாவிலிருந்து ஒன்று, இத்தாலியிலிருந்து ஒன்று. கடையில் எல்லாரும் கிளாசை மூக்கில் வைத்ததும் "ஆகா, மிளகு" என்கிறார்கள். கணக்கு எழுதுகிற பெண் தும்மியே விட்டாள். எனக்குச் செரிப்பழம் தெரிகிறது, புகை தெரிகிறது, புதுச் செருப்பின் தோல் மணம் தெரிகிறது. மிளகு மட்டும் இல்லை. ஒன்றிலும் இல்லை. நானும் தலையை ஆட்டி "ஓம், மிளகு" என்று பொய் சொல்லிக்கொண்டு நிற்கிறேன்.

இதற்காகவா நாலு வருடம் கழித்துக் கடிதம் என்று கேட்பீர்கள். அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. அப்பாவுக்கு முதலில் போனது மூக்குத்தான் என்று நீங்கள் ஒருமுறை சொன்னீர்கள். அதற்குப் பிறகுதான் ஆட்களின் பெயர் போனது, வீடு எது என்ற நினைவு போனது. பக்கத்தில் இருந்து பார்த்தது நீங்கள் மட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அப்பாவுக்கு எல்லா மணமும் ஒரேயடியாகப் போனதா, அல்லது இப்படி ஒவ்வொன்றாகப் போனதா?

என் மனுசி கிருசாந்தினிக்குக்கூட நான் இதைச் சொல்லவில்லை. பாவம், அவள் பயந்துவிடுவாள்.

உங்கள் தம்பி
யோசேப்


ஓலைத்தொடுவாய்
2025 ஜூன் 3

யோசேப்,

அடுப்பில் போடவில்லை. காஸ் அடுப்பு, கடிதாசி போட்டு எரிக்க முடியாது.

செத்தவீட்டுக்கு வராதவன் மூக்கு விசாரிக்க வந்திருக்கிறாய். அப்போது கொரோனா, விமானம் ஓடவில்லை, அது எனக்கும் தெரியும். நீ வராததற்கு நான் கோபிக்கவில்லை. அப்பாவை அரிப்பு ஊர்க் கரையில் கண்டெடுத்த அன்று ரெலிபோனில் என்ன சொன்னாய்? "கதவைப் பூட்டி வைச்சிருக்கலாமே அக்கா." வலன்சில் இருந்துகொண்டு ஓலைத்தொடுவாய்க் கதவைப் பூட்டுகிறாய்!

பூட்டிப் பார்த்தேனடா. ஒரேயொரு நாள். உன் அத்தானும் கடலுக்குப் போய்விட்டார், எனக்குச் சங்கக்கடைக்குப் போக வேண்டும். திரும்பி வரும்போது ஒழுங்கையில் நின்றே கேட்டது. அப்பா உள்ளே நின்று கதவைத் தட்டித் தட்டி, "அம்மா, திறவணை, நான் இனிக் குழப்படி செய்ய மாட்டன்" என்று அழுகிறார். எழுபத்தேழு வயது மனுஷன். அதற்குப் பிறகு நான் பூட்டவில்லை. பூட்டாததால் ஒரு மத்தியானம் அவர் கடலுக்குள் நடந்து போனார். இரண்டும் என் தலையில்தான் இருக்கிறது. நீ வேறு ஏறி உட்காராதே.

சரி, கேட்டதற்குப் பதில். எந்த மணம் முதலில் போனது என்று எனக்கே சரியாகத் தெரியாது, ஏனென்றால் அப்பா தன் மூக்கைக் குறை சொல்லவில்லை. மீனைக் குறை சொன்னார். உன் அத்தான் விடியப் பிடித்த ஓரா மீனைச் சட்டியில் போட்டால், "இது ஐஸ் மீன், ஒரு மணமும் இல்லை, றொட்னி ஏமாத்திறான்" என்பார். இவருக்கு எவ்வளவு மனவருத்தம்! பிறகு ஒருநாள் லாம்பெண்ணெய் தன் சாரத்தில் கொட்டியது தெரியாமல் சுருட்டுப் பற்றவைக்கப் போனார். நான் பறித்துவிட்டேன். அன்றைக்குத்தான் விளங்கியது.

உன் மிளகு விஷயம் எனக்கு விளங்கவில்லை. நம்முடைய வீட்டில் அம்மா கிறிஸ்மஸ் வைன் போட்டது நினைவிருக்கிறதா? முந்திரிகை வத்தல், சீனி, கராம்பு, கடைசியில் ஒரு கை மிளகு. அப்பா ஒரு மிடறு குடித்துவிட்டு "மிளகு காணாது" என்பார். அம்மா இன்னொரு கை போடுவார். குடித்தால் தொண்டை பற்றியெரியும். அதுதான் மிளகு. உறைக்காத மிளகு என்ன மிளகு? உன் வெள்ளைக்காரர் காற்றில் படம் கீறுகிறார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

இங்கே எல்லாரும் சுகம். மகள் டினோஜா யாழ்ப்பாணத்தில் படிக்கிறாள், லீவில் வந்து நிற்கிறாள். சோளகக் காற்று பலமாக வீசுகிறது, இவர் அரைவாசி நாள் கடலுக்குப் போவதில்லை, வீட்டில் இருந்து சமையலுக்கு ஆலோசனை சொல்கிறார். நானும் முந்தி மாதிரிச் சமைப்பதில்லை. மில்லில் அரைத்து வருகிற தூளில் இப்போது மணம் குணம் ஒன்றும் கிடையாது, எதைக் கலக்கிறார்களோ தெரியாது.

எடித்


வலன்ஸ்
2025 ஜூன் 24

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தைக் கடையின் நிலவறைக்குள் நின்று வாசித்தேன். அப்பா கதவைத் தட்டியது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்க மாட்டேன். இப்போது அதைத் திருப்பி எடுக்கவும் வழி இல்லை.

நீங்கள் எழுதிய மிளகுதான் என்னைப் பிடித்துக் கொடுத்தது. நான் விழுங்கி விழுங்கிப் பார்ப்பதைக் கண்டு முதலாளி அம்மா ஒருநாள் கேட்டார், "யோசேப், நீ அதை எங்கே தேடுகிறாய்?" நான் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். வைனில் மிளகு உறைக்காதாம், அக்கா! மூக்கில் மட்டும் வந்து போகுமாம். அம்மாவின் கிறிஸ்மஸ் வைனை மனதில் வைத்துக்கொண்டு, உறைப்பு வரும் வரும் என்று நான் இரண்டு மாதமாக விழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறேன். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்பாடா, இதுதான் பிழை என்று நினைத்தேன்.

பிறகு அவர் சொன்னபடி விழுங்காமல் மூக்கை மட்டும் வைத்துப் பார்த்தேன். இல்லை. வேறு போத்தல். இல்லை. வீட்டில் மிளகை இடித்து மணந்தேன். அது மணக்கிறது. வைனுக்குள் இருப்பது மட்டும் எனக்கு இல்லை. சிரிப்பெல்லாம் அத்தோடு போய்விட்டது.

இப்போது விடிந்ததும் என் வேலை இதுதான்: கோப்பித்தூள், சவர்க்காரம், வெள்ளுள்ளிப்பல். ஒவ்வொன்றாக மூக்கில் வைத்து, இன்றைக்கு இருக்கிறதா என்று பார்க்கிறேன். "என்னப்பா, நாய் மாதிரி மோந்து கொண்டு திரியிறியள்?" என்று கிருசாந்தினி கேட்கிறாள். நேற்று வாடிக்கையாளர் ஒருவரின் பெயர் வாயில் வரவில்லை. மற்ற நேரமென்றால் மறதி என்று விட்டிருப்பேன். நேற்று போத்தலைக் கீழே வைத்துவிட்டுப் பழைய ரசீதுகளில் அந்தப் பெயரைத் தேடினேன். டொக்டர் மூளை டொக்டருக்கு எழுதித் தந்திருக்கிறார். முறை வர நாளாகும்.

அப்பாவுக்குப் பிள்ளைகள் இரண்டு பேர். ஒரு மூக்கு என்னிடம். மற்றது உங்களிடம். கிருசாந்தினியின் தங்கச்சி சுவேதினி ஆவணியில் மடு மாதா திருநாளுக்கு ஊருக்கு வருகிறாள். அவளிடம் ஒரு கோர்னாஸ் போத்தல் கொடுத்து விடுகிறேன். கடையில் இதைவிட மிளகு கூடினது இல்லை என்கிறார்கள். நீங்கள் மணந்து பார்த்து உள்ளதை எழுதுங்கள். உங்களுக்கு மிளகு வந்தால் எனக்குத்தான் அப்பாவின் நோய் என்று தெரிந்துகொள்வேன். எனக்காகப் பொய் சொல்ல வேண்டாம்.

யோசேப்


ஓலைத்தொடுவாய்
2025 ஆகஸ்ட் 19

தம்பி,

நீ பயந்து செத்ததெல்லாம் வீண்! முதலில் அதைச் சொல்லிவிட்டு மிச்சத்தை எழுதுகிறேன்.

திருநாள் முடிந்து மடுவிலிருந்து வந்த சுவேதினி, குழந்தையைச் சுற்றுவது போலத் துவாயில் சுற்றி உன் போத்தலைக் கொண்டுவந்து வைத்தாள். அடைப்பை எடுக்க ஒருவருக்கும் வழி தெரியவில்லை. உன் அத்தான் தச்சு வேலைக்குப் போடுகிற முறுக்காணியைத் தக்கைக்குள் இறக்கிக் குறட்டால் பிடித்து இழுத்தார். இழுத்த இழுவையில் உட்கார்ந்திருந்த கதிரையோடு பின்னால் சாய்ந்துவிட்டார். விழுந்து கிடந்தபடியே போத்தலை மணந்துவிட்டுச் சொன்னார், "எடித், இதுக்குள்ள ஆரோ மிளகு இடிச்சுப் போட்டிருக்கினம்!"

அப்படியென்றால் உண்மையாகவே மிளகு இருக்கிறது. நான் வாங்கி மணந்தேன். மிளகு இல்லை. திரும்பவும் மணந்தேன். இல்லை. யோசேப், அந்த நேரம் நான் பட்ட பாடு சொல்லி முடியாது. உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை, அப்பா இரண்டு பேரையும் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன்.

அப்போதுதான் டினோஜா கிளாசைப் பறித்தாள். "நல்ல பழமணம். ப்ளம்ஸ் மாதிரி. கொஞ்சம் புகையும் இருக்கு. மிளகா? எனக்கு ஒரு மிளகும் மணக்கேல்லையே அப்பா" என்றாள். இவர் "விசரி, வடிவாப் பார்" என்று திரும்பத் திரும்பக் கொடுக்கிறார். அவளுக்கு இல்லை!

விளங்குகிறதா? இருபது வயதாகாத பிள்ளை. அவளுக்கு அப்பாவின் வருத்தமா வரும்? அவளுடைய மூக்கு எப்படிப்பட்ட மூக்குத் தெரியுமா? ஒழுங்கை முடிவில் சிசிலியா மச்சாள் பலாப்பழம் வெட்டினால் இங்கே படுக்கையில் எழும்பி உட்காருவாள். அப்படிப்பட்டவளுக்கே இந்த மிளகு தெரியவில்லையென்றால், இது வருத்தமில்லை, நம்முடைய பரம்பரை மூக்கு. அப்பா "மிளகு காணாது, மிளகு காணாது" என்றதும் அதனால்தானோ என்னவோ. நீ போய் நிம்மதியாகப் படு.

எனக்கோ மிளகும் இல்லை, பழமும் இல்லை, புகையும் இல்லை. வெறும் புளிச்ச தண்ணீர். நான் வாங்குவதற்குள் மணம் வெளிக்கிட்டுப் போய்விட்டதோ, வெயிலில் வந்த போத்தல் பழுதாகிவிட்டதோ தெரியாது. இனி அனுப்பினால் நல்லதாகப் பார்த்து அனுப்பு. உன் வைன் அமளியில் அன்றைக்குச் சோறும் அடிப்பிடித்துவிட்டது. நான் அடுப்படியில்தான் நிற்கிறேன், டினோஜா விறாந்தையில் இருந்து ஓடிவந்து இறக்குகிறாள். "அம்மா, மூக்கை எங்க அடகு வைச்சனீங்கள்?" என்று பகிடி வேறு.

உனக்கு ஒன்றும் இல்லை என்றதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. இருந்தாலும் நம்பரைத் திறக்கமாட்டேன். குரலைக் கேட்டால் நான் அழுதுவிடுவேன், நீ வென்றுவிடுவாய்.

அக்கா


வலன்ஸ்
2025 செப்டம்பர் 6

அன்புள்ள அக்கா,

நீங்கள் சொன்னதுதான் சரி. மூளை டொக்டர் பார்த்தார். எனக்கு ஒன்றும் இல்லை. வைன் படிப்பிக்கிற ஒருவரும் கடைக்கு வந்து விளங்கப்படுத்தினார். அந்த மிளகு மணம் ஐந்து பேரில் ஒருவருக்குப் பிறப்பிலேயே தெரியாதாம். நானும் டினோஜாவும் அந்த ஐந்தில் ஒன்று. இப்போது நான் போத்தல்களை அடுக்க, கணக்கு எழுதுகிற பெண் மணந்து சரி பிழை சொல்கிறாள்.

அவர் வந்து போன அன்று இரவுதான் எல்லாவற்றையும் கிருசாந்தினிக்குச் சொன்னேன். இரண்டு பேரும் சிரிக்கச் சிரிக்க உங்கள் கடிதத்தை அவளுக்கு உரத்து வாசித்தேன். அத்தான் கதிரையோடு விழுந்த இடத்தில் அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. சோறு அடிப்பிடித்த இடத்தில் நான் வாசிப்பை நிறுத்திவிட்டேன். "ஏன் நிப்பாட்டினியள்?" என்று அவள் கேட்டாள். நான் கடிதத்தை மடித்துவிட்டேன்.

அக்கா, இதை எழுதக் கை வருகுதில்லை. ஆனால் எழுதாமல் விட்டால் நான் உங்கள் தம்பி இல்லை.

எனக்குத் தெரியாதது மிளகு ஒன்றுதான். டினோஜாவுக்கும் அப்படித்தான். அவளுக்கு அதே போத்தலில் பழம் மணத்தது. அத்தானுக்கு எல்லாம் மணத்தது. போத்தல் பழுதாகவில்லை. மில்லில் அரைத்த தூளில் மணமில்லை என்று எழுதினீர்கள். அத்தானும் அந்தத் தூளில் வைத்த கறியைத்தானே சாப்பிடுகிறார்? அவர் குறை சொன்னாரா? சோறு எரிந்தது விறாந்தையில் இருந்த பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது, அடுப்படியில் நின்ற உங்களுக்குத் தெரியவில்லை.

அப்பா மீனைக் குறை சொன்னார். நீங்கள் தூளையும் போத்தலையும் சொல்கிறீர்கள்.

நான் பிழையாக இருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டு இருக்கிறேன். அத்தானுக்கு ரெலிபோன் எடுக்க எத்தனையோ தரம் நினைத்தேன். உங்களுக்குத் தெரியாமல் உங்களைப் பற்றிக் கதைத்தால் அது இன்னொரு கதவைப் பூட்டுகிற வேலை. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். கண்ணைக் கட்டிக்கொண்டு டினோஜாவிடம் சொல்லுங்கள், வெட்டின தேசிக்காய், கோப்பித்தூள், கருவாடு என்று ஒவ்வொன்றாக மூக்கடியில் பிடிக்கட்டும். எது என்று நீங்கள் சொல்ல வேண்டும். சளியாலும் வரும், வேறு எத்தனையோ காரணத்தாலும் மூக்குப் போகும் என்று டொக்டரே சொன்னார். ஆனால் பார்க்காமல் விடாதீர்கள். தயவுசெய்து.

யோசேப்


ஓலைத்தொடுவாய்
2025 செப்டம்பர் 29

தம்பி யோசேப்,

உன் கடிதம் வந்த அன்று உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். தனக்கு இல்லையென்றதும் எனக்குக் கட்டிவிடுகிறான் என்று இவரிடம் கத்தினேன். இவர் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது, இவருக்கு முன்னமே தெரியும். கறியில் பழுதாகின மீன் போட்டு நான் இரண்டு தரம் சமைத்தேனாம். இவர் எனக்குக் காட்டாமல் நாய்க்குப் போட்டிருக்கிறார்.

டினோஜாவின் சால்வையால் கண்ணைக் கட்டினோம். முதலில் ஒன்று பிடித்தாள். "சொல்லுங்கோ அம்மா." எனக்குத் தெரியவில்லை. கன்னத்தில் ஒரு துளி தெறித்ததால், தேசிக்காய் என்றேன். அடுத்ததற்கு வாயில் வந்ததைச் சொன்னேன். அடுத்ததற்கு ஒன்றுமே சொல்லவில்லை. பிள்ளை அழுகிற சத்தம் கேட்டுக் கட்டை அவிழ்த்தேன். முகத்துக்கு முன்னால் கருவாடு, யோசேப். நெத்தலிக் கருவாடு. ஊரே மணக்கிற சாமான்.

மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நீ சொன்னதைத்தான் டொக்டரும் சொன்னார், காரணம் பலது இருக்கலாம், தலையை ஸ்கான் செய்யாமல் ஒன்றும் சொல்ல முடியாது என்றார். யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதித் தந்திருக்கிறார். மார்கழியில்தான் நாள். பக்குவமாகக் கதைக்கிற பெடியன். அப்பாவுக்கு இருந்ததை நான் சொன்னபோது மட்டும் எழுதிக்கொண்டிருந்த பேனையை நிறுத்தினான்.

பகலில் வேலை செய்யும்போது ஒன்றும் இல்லை. சும்மா இருக்கும்போதுதான் பயம் வந்து பக்கத்தில் குந்துகிறது. டினோஜாவின் பெயரை மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். இவருடைய பெயர், உன்னுடையது, ஞானஸ்நானப் பெயர்கள் எல்லாம். எல்லாம் இருக்கிறது. இருக்கிறது என்று தெரிந்தும் திரும்பச் சொல்கிறேன். நீ விடிய எழும்பி உள்ளிப்பல்லை மணந்த பயம் இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. உன்னைப் பகிடி பண்ணினேனே.

போன வெள்ளி மன்னார் கடையில் ஒரு பூட்டு வாங்கி வந்து அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன். இவரிடம் பூட்டுத் திறப்பைக் கொடுக்கப் போனேன். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "எனக்கு வேண்டாம், என்னட்டைத் தராதை" என்று வெளியே போய்விட்டார். ஆகவே உனக்குத்தான் எழுதுகிறேன். நீ அன்று சொன்னது சரி. நான் பூட்டியிருந்தால் அப்பா அழுதுகொண்டாவது இருந்திருப்பார். எனக்கு அந்தக் காலம் வந்தால் நீ வந்து பூட்டு. டினோஜாவால் முடியாது, இவராலும் முடியாது. நான் உள்ளே நின்று தட்டுவேன். உன்னை அப்பா என்றோ வேறு என்னவென்றோ கூப்பிடுவேன். திறக்காதே. எனக்குக் கடலுக்குள் நடந்து போகப் பயம், யோசேப். கதவுக்கு உள்ளே இருக்கவும் பயம். ஆனால் கடல்தான் கூடப் பயம்.

நம்பரைத் திறந்துவிட்டேன். ரெலிபோன் எடுத்துவிடாதே, இன்னும் தைரியம் வரவில்லை.

அக்கா


வலன்ஸ்
2025 ஒக்டோபர் 14

அக்கா,

டிக்கெட் எடுத்துவிட்டேன். கார்த்திகை முடிவில் வருகிறேன். யாழ்ப்பாணத்துக்கு உங்களோடு ஸ்கானுக்கு வருவது நான்தான். அத்தான் கடலுக்குப் போகட்டும். முதலாளி அம்மா எவ்வளவு நாள் என்று கேட்டார். தெரியாது என்றேன்.

அந்தப் பூட்டைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நான் சொன்னது சரியில்லை, அன்றைக்கும் சரியில்லை. உங்களுக்கு அப்படி ஒரு காலம் வராமலே போகலாம். வந்தாலும் கதவு திறந்துதான் இருக்கும். நீங்கள் வெளிக்கிட்டால் நானும் எழும்பி வருவேன். கடற்கரை வரைக்கும் நடப்போம், தண்ணீர் காலில் பட்டதும் திரும்புவோம். ஒரு நாளைக்கு எத்தனை தரமென்றாலும் நடப்போம்.

நான் இருக்கக் கதிரை ஒன்றை வாசலில் எடுத்துப் போட்டு வையுங்கள்.

யோசேப்